மம்பட்டி, களைக்கொத்து, ஒரு கொய்யாக் கிளை: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தின் கடைசியில், சும்மா போகிற போக்கில், "உங்களுக்குப் பிடித்த தோட்டக் கருவி எது?" என்று கேட்டு வைத்தேன். வழக்கமாக வரும் இலைச்சுருட்டல், மாவுப்பூச்சி, முருங்கைப் புழு எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு மம்பட்டியைப் பற்றியே எழுதித் தள்ளிவிட்டீர்கள். ஆடிப்பட்டம் நெருங்குகிற நேரம், பரணில் கிடப்பதையெல்லாம் இறக்கிப் பார்க்கிற நேரமும் இதுதான். அதனால் இந்தத் தடவை கருவி பற்றிய கேள்விகள் மட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் மூன்று சென்ட் காலி மனை. சென்னையில் இருக்கும் உரிமையாளர், "சும்மாதானே கிடக்கு, காய்கறி போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டார். ஆன்லைனில் பத்துக் கருவிகள் சேர்ந்த பெட்டி ஒன்று பார்க்க அழகாக இருக்கிறது. வாங்கலாமா? வேண்டாம் என்றால், மூன்றே மூன்று கருவி சொல்லுங்கள் அண்ணா.
(வாசகி, அஸ்தம்பட்டி)

பதில்: வேண்டாம் அம்மா. அந்த மாதிரிப் பெட்டி ஒன்றை நானும் வாங்கினேன். பச்சைப் பிடி, பச்சை உறை, கூடவே ஒரு ஜோடி கையுறை. சித்திரை மாதத்தில், தண்ணீர் காட்டாத செம்மண்ணில் அந்தக் கைக்கரண்டியைக் குத்தினேன், பாயசம் கிளறின ஸ்பூன் மாதிரி கழுத்து வளைந்து போனது. தொட்டியில் இருக்கும் தேங்காய் நார்க்கழிவைக் கிளறச் செய்த சாமானை எடுத்துக்கொண்டு போய் சேலத்துச் செம்மண்ணிலும் சுக்கான் கல்லிலும் குத்தினால் அது என்ன செய்யும்? தப்பு என்னுடையதுதான்.

நம் பக்கத்து மண் மழை பெய்த இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வெண்ணெய் மாதிரி இருக்கும், ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கல். ஆகவே எந்தக் கருவிக்கும் முன்னால் வருவது பதம். முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் விட்டு, மறுநாள் காலையில் கொத்துங்கள். பிடியில் அள்ளின மண் உருண்டையாகி, விரலால் தொட்டதும் உதிர்ந்தால் சரியான பதம். உதிராமல் பிசுபிசுத்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள், இல்லாவிட்டால் கட்டி கட்டியாகக் காய்ந்து அதை உடைக்கவே ஒரு வாரம் போகும்.

மூன்று கருவி என்றால் மம்பட்டி, களைக்கொத்து, கருக்கரிவாள் (பல் வெட்டின அரிவாள்). மம்பட்டியைப் பற்றி அடுத்த கேள்வியில் வருகிறது. கருக்கரிவாள் கீரை அறுக்க, காய்ந்த சோளத்தட்டை வெட்ட, வரப்புப் புல்லை அரிய. அதன் பல்லை நீங்கள் கல்லில் தீட்ட முடியாது, மழுங்கினால் பட்டறைக்குத்தான் போக வேண்டும், அவர் உளியால் கருக்கு வெட்டித் தருவார்.

களைக்கொத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச ஆசை. எனக்குப் பிடித்த கருவி எது என்று பதிலுக்கு நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள், இதுதான். என் அம்மா வைத்திருந்த களைக்கொத்து இப்போது என்னிடம் இருக்கிறது. தேய்ந்து தேய்ந்து அலகு பாதியாகிவிட்டது, பிடியை மூன்று தடவை மாற்றியாகிவிட்டது, ஆனால் சின்ன வெங்காயப் பாத்தியில் இரண்டு செடிக்கு நடுவில் இருக்கிற அந்த நாலு விரல் இடத்துக்குள் புகுந்து களையை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வர அதனால்தான் முடிகிறது. புதிய கொத்தால் முடியவில்லை, அகலம் அதிகம். விதைக்குழி போடுவது, செடிக்கு மண் அணைப்பது, முள்ளங்கியைக் கிளப்புவது, முதுகால் தட்டி மண்கட்டியை உடைப்பது எல்லாம் அந்த ஒரு கையளவு இரும்புதான் செய்கிறது. இன்னொரு கை சும்மா இருப்பதால் பிடுங்கின களையைச் சட்டியில் போட்டுக்கொண்டே போகலாம்.

முடிந்தால் கடையில் வாங்காமல் கொல்லுப் பட்டறையில் சொல்லிச் செய்யுங்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் நான் போகிற பட்டறைக்காரர் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில்தான் அடித்துத் தருகிறார். அந்த எஃகு நன்றாகத் தோய்ச்சல் ஏற்கும், அதாவது சூடு காட்டித் தண்ணீரில் முக்கினால் நன்றாகக் கெட்டிப்படும். கையில் வாங்கியதும் ஒரு சின்னச் சோதனை: விளிம்பில் அரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுங்கள். அரம் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் தோய்ச்சல் அதிகம், கல் பட்டதும் சில்லு தெறிக்கும், பிறகு உங்களால் தீட்டவும் முடியாது. வெண்ணெயில் கத்தி போல் இறங்கினால் தோய்ச்சல் போதாது, ஒரே மாதத்தில் மழுங்கும். கொஞ்சம் முரண்டு பிடித்து, அப்புறம் இழுபட்டால் தைரியமாகக் காசைக் கொடுங்கள்.

மூன்றுதான் கேட்டீர்கள், இருந்தாலும் மண்ணள்ள ஒரு இரும்புச் சட்டியும் வாங்கிவிடுங்கள். பிளாஸ்டிக் சட்டி ஒரு கோடையைத் தாண்டாது.

கேள்வி: எனக்கு வயது 52. அரை மணி நேரம் மம்பட்டி பிடித்தால் இரண்டு நாள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. என் வீட்டுக்காரருக்கு அதே மம்பட்டியில் ஒன்றும் ஆகவில்லை. என் உடம்பில் கோளாறா, மம்பட்டியில் கோளாறா?
(வாசகி, ஓமலூர்)

பதில்: மம்பட்டியில்தான். அதாவது, அது உங்கள் வீட்டுக்காரருடைய மம்பட்டி.

கடைகளில் இருப்பவை பெரும்பாலும் ஆண்கள் கூலி வேலைக்குப் பிடிக்கிற எடையில் வருகிறவை. ஒன்றரை கிலோ, ஒண்ணே முக்கால் கிலோ அலகு, அதன் மேல் காம்பின் எடை, அதன் மேல் நீங்கள் அள்ளுகிற மண்ணின் எடை. நீங்கள் சிறிய அலகாகக் கேளுங்கள். ஒரு கிலோ, அதற்கும் கொஞ்சம் கீழே இருந்தாலும் நல்லது. ஒரு வெட்டுக்குக் கொஞ்சம் குறைவாக மண் வரும், வரட்டும், சொந்தக் காய்கறித் தோட்டத்தில் யாரும் உங்களுக்குக் கூலி பேசவில்லையே.

அடுத்தது காம்பு. நம்மில் பலரும் அலகைப் பார்த்துப் பேரம் பேசிவிட்டு, கடைக்காரர் எடுத்துக் கொடுத்த காம்பைச் செருகிக்கொண்டு வந்துவிடுகிறோம். காம்பு குட்டையாக இருந்தால் முதுகு வளைந்தே ஆக வேண்டும். நான் பார்க்கிற அளவு இது: மம்பட்டியின் அலகைத் தரையில் வைத்து, காம்பை நேராக நிமிர்த்திப் பிடித்தால் அதன் நுனி உங்கள் தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும். சாதாரணமாகக் கிடைப்பது இடுப்பு வரைக்கும்கூட வருவதில்லை. பிறகு கோணம். அலகு காம்போடு ஒட்டினாற்போல் உள்பக்கம் மடங்கி இருந்தால் குனிந்துதான் வெட்ட முடியும், கொஞ்சம் விரிந்திருந்தால் நிமிர்ந்து நின்று இழுக்கலாம். பாத்தி கட்டவும் வாய்க்கால் திருப்பவும் விரிந்த கோணம் போதும், ஆழமாகக் குழி வெட்டத்தான் மடங்கின கோணம். பட்டறையில் சொன்னால் சூடு காட்டிக் கொஞ்சம் விரித்துத் தருவார்கள்.

காம்புக்கு மரம்? கடையில் பெரும்பாலும் தைலமரக் காம்பு வைத்திருப்பார்கள். ஈரம் காயாத காம்பாக இருந்தால் சித்திரை வெயிலில் சுருங்கி, அலகு கழன்று பறக்கும். எனக்கு ஒரு தடவை பறந்து, நல்லவேளை, வாழை மரத்தில் போய் நின்றது. கொய்யா மரம் இருக்கிற வீடு என்றால் நேரான ஒரு கிளையை வெட்டி, பட்டை உரித்து, நிழலில் இரண்டு மூன்று மாதம் காயப்போடுங்கள். கொய்யாவின் இழை நெருக்கமானது, லேசில் பிளக்காது, கையிலும் சிலாம்பு ஏறாது.

ஆட்டம் கொடுக்கிற காம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அன்றைக்கு இறுகும். மரம் ஊதும்போது இரும்பு வளையத்துக்குள் இடம் இல்லாமல் நசுங்கிவிடுவதால், காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். ஆப்பு அடிப்பதுதான் வழி. கொய்யாவிலேயே ஒரு ஆப்பு சீவிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மழுங்கின மம்பட்டி இரண்டு மடங்கு வேலை வாங்கும். தட்டை அரம் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அலகில் ஏற்கெனவே சரிவு இருக்கிற பக்கத்தை மட்டும், முன்னால் தள்ளும்போது அழுத்தி, திரும்ப இழுக்கும்போது தூக்கிவிட்டு, பத்துப் பதினைந்து தடவை ராவினால் போதும். அரம் தள்ளும்போதுதான் வெட்டும், பின்னால் தேய்த்துக்கொண்டே வந்தால் அரம்தான் கெடும்.

கேள்வி: ஏற்காட்டில் வீட்டைச் சுற்றி அரை ஏக்கர். கொஞ்சம் காப்பி, நாலு ஆரஞ்சு, சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி, மீதி இடத்தில் பீன்ஸ், சவ்சவ். பனிமூட்டத்தில் கவாத்துக் கத்தரி, கத்தி எல்லாம் துருப்பிடித்துப் போகின்றன. கத்தரி வருடத்துக்கு ஒன்று வாங்குகிறேன். என்ன செய்வது?
(வாசகர், ஏற்காடு)

பதில்: கீழே நாங்கள் வெயிலில் காம்பு சுருங்குகிறதே என்று அழுகிறோம், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் உங்களுக்குத் துரு. சுமார் 1,500 மீட்டர் உயரம், வருடத்தில் பாதி நாள் மேகம் வீட்டுக்குள் வந்து போகிற ஊர், துருப்பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

துருப்பிடித்த கத்தரியைத் தூக்கிப் போடாதீர்கள். நடு மரையைக் கழற்றி இரண்டு அலகையும் தனித்தனியாக எடுத்து, வினிகரில் ஒரு இரவு ஊறவிட்டு, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரால் தேய்த்தால் பெரும்பகுதி வந்துவிடும். நன்றாகக் கழுவித் துடைத்து, வெயிலோ அடுப்புச் சூடோ காட்டி, உடனே எண்ணெய் பூசுங்கள். ஈரத்தோடு விட்டால் மறுநாளே மறுபடியும் துரு. அப்புறம் தினசரிப் பழக்கம்: ஒரு வாளியில் ஆற்று மணலைக் கொட்டி, கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிசிறி வையுங்கள், வேலை முடிந்ததும் கத்தி, களைக்கொத்து எல்லாவற்றையும் அதில் நாலு தடவை குத்தி எடுத்தால் மண்ணும் போகும், எண்ணெயும் ஏறும். கத்தரியை மட்டும் அதில் விடாதீர்கள், மரைக்குள் மணல் போய்விடும்.

மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய். பெயின்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் கிடைக்கும். அது மரத்துக்குள் இறங்கிக் காய்ந்து கெட்டிப்படும். விளக்கெண்ணெய் காயவே காயாது, பிடி பிசுபிசு என்று இருக்கும். ஒரு எச்சரிக்கை, இது விளையாட்டில்லை: லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது தானாகச் சூடேறும், சுருட்டின துணி தீப்பிடித்துக்கொள்ளும். விரித்துக் கொடியில் காயப்போட்டுவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள்.

புதிதாகக் கத்தரி வாங்கினால் இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கடந்து போகிற வகையை வாங்குங்கள். ஒரு அலகு மட்டும் வெட்டி, தட்டையான இரும்பின் மேல் போய் உட்காருகிற வகை காய்ந்த கிளைக்குச் சரி, பச்சைக் கிளையை நசுக்கிவிடும். நசுங்கின காயத்தில்தான் ஆரஞ்சுக்கு நோய் நுழைகிறது.

நீங்கள் ஏற்காட்டுக்காரர் என்பதால் இரண்டு விஷயம் கூடுதலாக. ஒன்று, பூஞ்சை நோய்க்குத் தெளிக்கிற போர்டோ கலவை. நீங்கள் அடிப்பீர்கள் என்று தெரியும்: ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். கலக்கி முடித்ததும் உங்கள் துருப்பிடிக்காத கத்தியை, சரி, நன்றாகத் தேய்த்த கத்தியை, ஒரு நிமிடம் அதில் முக்கி எடுங்கள். அலகில் செம்பு நிறம் படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே அடித்தால் இலை கருகும். சுண்ணாம்புப் பால் கொஞ்சம் சேர்த்துத் திரும்பப் பாருங்கள். கத்தியின் இரும்பு கரைந்து, அந்த இடத்தில் செம்பு வந்து உட்காருகிறது, அவ்வளவுதான் வேதியியல். இதே காரணத்தால் இரும்பு டிரம்மில் இதைக் கலக்கவும் கூடாது.

இரண்டாவது, காப்பிச் செடிக்கு உள்ள நல்ல கருவிகளில் ஒன்று இரும்பே இல்லை. அராபிகாவில் வெள்ளைத் தண்டுத்துளைப்பான் வண்டு, உரிந்து நிற்கிற பட்டையின் இடுக்கில்தான் முட்டை வைக்கிறது. வண்டு பறக்கிற சித்திரைக்கு முன்னாலும் ஐப்பசிக்கு முன்னாலும் தண்டையும் பருத்த பக்கக் கிளையையும் தேங்காய் மட்டையால் தேய்த்து, தளர்ந்த பட்டையை உதிர்த்துவிடுங்கள். கயிற்று நாரில் செய்த கையுறை கிடைத்தாலும் சரி. கத்தியால் மட்டும் சுரண்டாதீர்கள், பச்சைப் பட்டையில் காயம் பட்டால் வேறு வம்பு.

கேள்வி: சேலத்துக்காரர்கள் நாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மம்பட்டி செய்தால் துருவே பிடிக்காதே, ஏன் யாரும் செய்வதில்லை?
(வாசகர், சூரமங்கலம்)

பதில்: வெளிநாட்டில் அந்த எஃகில் மண் தோண்டும் கருவிகள் செய்கிறார்கள், ஈரக் களிமண் ஒட்டாமல் வழுக்கிவிடும் என்பது அதன் பலம். ஆனால் கொல்லர் உலையில் காய்ச்சி அடித்து, தோய்த்து, விளிம்பை இறுக்குகிற வேலை சமையல் பாத்திர வகை ஸ்டெயின்லெஸில் நடக்காது. அந்த வகை, சூடு காட்டித் தண்ணீரில் முக்கினாலும் கெட்டிப்படாது. கல்லில் பட்டு விளிம்பு மடங்கினால் மடங்கினதுதான். நமக்குக் கார்பன் எஃகுதான் சரி. அதுவும் ஒன்றும் நமக்கு அந்நியம் இல்லை. ஸ்டெயின்லெஸ் செய்கிற நம் சேலம் உருக்காலை 1981-ல் உற்பத்தி தொடங்குவதற்கு எவ்வளவோ காலம் முன்பே, கஞ்சமலைக் காந்த இரும்புக் கல்லை மண் உலையில் உருக்கிக் கருவி அடித்த ஊர்தான் இது.

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில் பர்மிங்காமில் இருக்கிறான். அங்கே நகராட்சியிடம் ஒரு தோட்டத் துண்டு வாடகைக்கு எடுத்திருக்கிறான். "அப்பா, இங்கே எல்லாம் காலால் மிதிக்கிற மண்வெட்டிதான், எனக்கு ஒரு மம்பட்டி கொண்டு வாங்க" என்கிறான். கொண்டு போகலாமா?
(வாசகர், ஆத்தூர்)

பதில்: படித்ததும் சிரிப்பு வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அங்கே மக்களுக்குத் தோட்டத் துண்டு கொடுப்பது உள்ளாட்சியின் கடமை என்று 1908-லேயே சட்டம் இருக்கிறது. ஒரு முழுத் துண்டு பழைய கணக்கில் பத்து ராட். நம் கணக்கில் போட்டுப் பார்த்தால் சரியாக ஆறே கால் சென்ட். ஆறே கால் சென்ட்டில் ஒரு குடும்பத்துக்குத் தாராளமாகக் காய் எடுக்கலாம்.

மகன் சொல்வது சரிதான். அவர்கள் பூட்ஸ் போட்ட காலால் மிதித்து இறக்குவார்கள், நாம் வெறுங்காலோடு நின்று ஓங்கி வெட்டி நம் பக்கம் இழுப்போம். கால் வேலையும் கை வேலையும் வேறு வேறு. ஆனால் அந்த ஊரின் ஈர மண்ணில் மிதிக்கிற மண்வெட்டியும் நாலு பல் முள்ளும் நன்றாகவே வேலை செய்யும், அதையும் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள். வரப்பு கட்டவும் உருளைக்கு மண் அணைக்கவும் மம்பட்டி.

கொண்டு போனால் புது அலகை மட்டும் கொண்டு போங்கள், கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள். உபயோகித்ததை எடுத்துப் போகாதீர்கள், ஒட்டியிருக்கும் மண்ணை அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். காம்பு அங்கேயே கிடைக்கும், ஆஷ் மரத்தில் நல்ல காம்பு செய்வார்கள். இன்னொரு வேடிக்கை, பர்மிங்காமுக்குப் பக்கத்து ஊரான உல்வர்ஹாம்ப்டனில்தான் முதலை மார்க் மம்பட்டி செய்து ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நம் மண்வெட்டி என்ற சொல்தான் வெள்ளைக்காரன் வாயில் 'மமூட்டி' ஆனது. தம்பி அங்கே தேடினாலும் கிடைக்கலாம். ஆனால் அப்பா சுமந்து வந்தது மாதிரி இருக்காது, நீங்கள் கொண்டு போங்கள்.

கேள்வி: கோரையை ஒழிக்க எந்தக் கருவி? கொத்தக் கொத்த அதிகமாகிறது.
(வாசகர், வாழப்பாடி)

பதில்: கொத்துவதால்தான் அதிகமாகிறது. கிழங்குகள் சங்கிலி மாதிரி கோத்துக் கிடக்கும், நடுவில் அறுத்தால் ஒவ்வொன்றும் தனியாக முளைக்கும். களைக்கொத்தை வைத்துவிட்டு, பதம் பார்த்து, நாலு பல் இரும்பு முள்ளால் ஆழமாகப் பெயர்த்து, கிழங்கைக் கையால் பொறுக்குங்கள். பொறுக்கினதை எருக்குழியில் போடாதீர்கள். ஒரு கோடையில் தீராது, இரண்டு மூன்று கோடை ஆகும்.

கேள்வி: தக்காளியில் தேமல் (இலையில் வெளிர் திட்டு விழுகிற நோய்) வந்த செடியைக் கத்தரித்த கத்தரியாலேயே மற்றதையும் கத்தரித்தேன். இப்போது வரிசையாக வருகிறது. கருவியாலா?
(வாசகி, அம்மாப்பேட்டை)

பதில்: இருக்கலாம், தக்காளித் தேமலில் கையாலும் கத்தியாலும் தொற்றுகிற வைரஸ் வகை உண்டு. வந்த செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், அந்த வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கையையும் கத்தரியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் பீடி, சிகரெட் பிடிக்கிறவர் இருந்தால் கை கழுவாமல் தக்காளியைத் தொடவிடாதீர்கள், புகையிலையில் இருந்தும் அந்த வகை வைரஸ் ஒட்டிக்கொண்டு வரும்.

கேள்வி: தெருவில் சாணை பிடிக்க சைக்கிளில் வருகிறவரிடம் கத்தி, கொடுவாள் கொடுக்கலாமா?
(வாசகர், தாதகாப்பட்டி)

பதில்: கொடுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். விளிம்பு நீலம் பாரித்தால் சூடு ஏறித் தோய்ச்சல் போய்விட்டது என்று அர்த்தம், எவ்வளவு கூராக இருந்தாலும் நாலு நாளில் மழுங்கும். அடிக்கடி தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் வாரா வாரம் மம்பட்டி இரவல் கேட்கிறார். திரும்பி வரும்போது சிமென்ட் ஒட்டியிருக்கிறது. முகத்தில் அடித்தாற்போல் மறுக்கவும் முடியவில்லை.
(பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்)

பதில்: கலவை குழைக்கிற மம்பட்டியும் மண் வெட்டுகிற மம்பட்டியும் ஒன்றாக இருக்கவே கூடாது. ஒட்டின சிமென்ட்டைச் சுத்தியலால் தட்டி எடுக்கும்போது விளிம்பு நெளிந்துவிடும். பழைய இரும்புக் கடையில் தேய்ந்த மம்பட்டி ஒன்று எடை போட்டு வாங்கி, கண்ணில் படுகிற இடத்தில் சாத்தி வையுங்கள். என் வீட்டில் இரண்டு மம்பட்டி இருக்கிறது. இரண்டாவது எதற்கு என்று இங்கே விரிவாக எழுத முடியாது, என் பக்கத்து வீட்டுக்காரரும் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்.